உங்கள் கண்டக்டர் ரஜினியா, மைக் மோகனா?

2 மே 2025

கேள்வி, திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: "அம்மா, உங்கள் முதல் நாவலில் வரும் கண்டக்டர் மைக் மோகன்தானே? எங்கள் அம்மா ரஜினி என்று சாதிக்கிறார். கண்டக்டர் என்றாலே ரஜினிதானாம். ஒரு சுங்குடிச் சேலை பந்தயம் வைத்திருக்கிறோம். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

2 மே, இரவு

இரண்டு பேரும் இல்லை. சேலையைப் பாதியாகக் கிழித்து ஆளுக்கொரு தாவணி ஆக்கிக்கொள்ளுங்கள்.

3 மே, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் வெடுக்கென்று எழுதிவிட்டேன். விளக்கமாகவே சொல்கிறேன்.

ரஜினி இல்லை. ரஜினிகாந்த் பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தார், 1975இல் சினிமாவுக்கு வந்தார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே தமிழ்க் கதையில் எவன் தோளில் தோல்பை தொங்கினாலும் அவன் ரஜினி ஆகிவிடுகிறான். என் ஆள் சில்லறையைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கமாட்டான். "டிக்கெட், டிக்கெட்" என்றுகூடக் கேட்கமாட்டான். பக்கத்தில் வந்து நிற்பான், நாமாகவே காசை எடுத்துக் கொடுக்கவேண்டும். ரஜினி அப்படிச் சும்மா நின்றால் தியேட்டரில் நாற்காலி பறக்கும்.

மோகனும் இல்லை. மோகன் என்றால் கையில் மைக் இருக்கவேண்டும். என் கண்டக்டருக்குப் பாட வராது. நாவலில் ஒரு இடத்தில் நாயகி பாடச் சொல்லிக் கெஞ்சுவாள், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அந்த இடத்தைப் படித்துவிட்டுமா மோகன் என்கிறீர்கள்?

கடைசி அத்தியாயத்தில் அவன் கொடைக்கானல் எஸ்டேட் முதலாளியின் ஓடிப்போன மகன் என்று தெரியவரும். அது எனக்கே பிடிக்காத இடம். 1989இல் மாத நாவலில் கண்டக்டர் கண்டக்டராகவே தாலி கட்ட முடியாது. "கதாநாயகனுக்கு ஒரு அந்தஸ்து வேண்டும்" என்று பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றே பக்கத்தில் அந்தஸ்து கொடுத்து அனுப்பினேன்.

3 மே, மதியம்

பழைய அட்டையை ஒரு அன்பர் படம் பிடித்துப் போட்டுவிட்டார். ஆமாம், தெரிகிறது. அதே தலைமுடி, அதே சிரிப்பு, ரோஸ் கலர் சட்டை. தோல்பை மட்டும் இல்லையென்றால் கச்சேரிக்குக் கிளம்பிய மோகன்தான்.

அட்டை போட்டவர் கதையைப் படிக்கவில்லை. படிக்க வழியும் இல்லை. அட்டை அச்சாகி உலர்ந்துகொண்டிருக்கும்போது நான் ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். 80களில் காதல் கதைக்கு அட்டை என்றால் மோகன் முகம், 90கள் பிறந்ததும் அரவிந்த்சாமி முகம். 'தளபதி' 1991, 'ரோஜா' 1992. அதற்கப்புறம் மதுரையில் பெண் வீட்டார் தரகரிடமே "மாப்பிள்ளை அரவிந்த்சாமி கலரில் வேண்டும்" என்று கேட்டார்கள். பெண்ணின் கலரைப் பற்றிப் பேச்சே கிடையாது. எங்கள் கதைகளிலும் ஹீரோக்கள் ஒரே வருஷத்தில் ஆறு அங்குலம் வளர்ந்து சிவந்துவிட்டார்கள். என் நாலாவது நாவலில் 'கறுத்த, தெற்றுப்பல் தெரியச் சிரிக்கிற' என்று நான் எழுதிக்கொடுத்தவன் 'சிவந்த, முத்துப்பல் தெரிய' என்று அச்சாகி வந்தான். எங்கள் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "இவனுக்கு யார் பல் கட்டிவிட்டது?" என்று கேட்டார்.

5 மே

மோகனைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய வருத்தத்தையும் இறக்கிவைத்துவிடுகிறேன்.

எனக்கு அந்த வயதில் மோகன் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது? 1985இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது மூன்று தரம் பார்த்தேன். ரொம்ப வருஷம் கழித்து ஒரு வாரப் பத்திரிகைத் துணுக்கில்தான் அந்த விஷயத்தைப் படித்தேன். மோகனின் பெரும்பாலான தமிழ்ப் படங்களில் அந்தக் குரல் மோகனுடையதே இல்லை. எஸ்.என். சுரேந்தர் பின்னணி பேசியிருக்கிறார். பாட்டு எஸ்.பி.பி. என்று ஏற்கெனவே தெரியும். அது பரவாயில்லை, எல்லா நடிகருக்கும் அப்படித்தான். ஆனால் "நான் உன்னை மறக்கமாட்டேன்" என்ற மாதிரி வசனத்தில் நடுங்கியதே, அந்த நடுக்கம் இன்னொருவருடையது என்றதும் ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

எண்ணிப் பாருங்கள். முகம் உடுப்பிக்காரருடையது. பேச்சு சுரேந்தருடையது. பாட்டு எஸ்.பி.பி.யுடையது. மெட்டு பண்ணைப்புரத்திலிருந்து வந்தது, அப்போது அந்த ஊரும் மதுரை மாவட்டம்தான். நான் காதலித்தது நாலு ஆம்பிளைகளைச் சேர்த்துத் தைத்த ஒரு ஒட்டுப்போட்ட ஆளை. அப்படியானால், "உங்கள் ஹீரோ மோகனா?" என்று கேட்கிறீர்களே, எந்த மோகன் என்று நான் திருப்பிக் கேட்கலாமா, கூடாதா?

5 மே, இரவு

மேலூர்க்காரர் ஒருவர் திருத்துகிறார்: 'பயணங்கள் முடிவதில்லை' 1982. 1985 என்றால் 'உதயகீதம்'. சரிதான். இரண்டிலும் மைக் இருந்ததால் குழம்பிவிட்டேன். மூன்று தரம் பார்த்தது எது என்று இப்போது அதிலும் சந்தேகம்.

2024இல் விஜய் படத்தில் மோகன் வில்லனாக வந்தாரே, பார்த்தீர்களா என்றும் கேட்டிருக்கிறார். பார்க்கவில்லை. மனசு வரவில்லை.

8 மே

தங்கச்சி மகள் இந்த இழையைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "பெரியம்மா, இதெல்லாம் இப்ப யாரும் மறைக்கிறதே இல்ல. நடிகர் பேரைப் போட்டே கதை எழுதுறாங்க" என்கிறாள். அவள் சொன்னது இது: அமெரிக்காவில் அன்னா டாட் என்ற பெண் 2013இல் வாட்பேட் என்ற இணையக் கதைத் தளத்தில் ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். நாயகன் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ், அதே பெயரில். கோடிக்கணக்கில் படித்தார்கள். அடுத்த வருஷம் புத்தகமாக வந்தபோது ஹாரி ஹார்டின் ஆகிவிட்டான். அப்புறம் படமும் வந்தது. 'ஹ'வை மட்டும் விட்டுவிட்டு மீதியை மாற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் பத்திரத்தில் இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மாற்றுவது மாதிரி.

இன்னொன்றும் சொன்னாள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. டயானா கபால்டன் என்ற அம்மா 1988இல் டிவியில் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய பகுதி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் கட்டம்போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டிய ஜேமி என்ற பையன் வருகிறான். அந்தப் பாவாடையும் அந்தப் பெயரும் மனசில் ஒட்டிக்கொண்டன. அதிலிருந்து ஒரு காதல் கதை கிளம்பித் தடிதடியாகப் பல பாகம் போய்விட்டது. கதை டிவி தொடரானபோது, அந்தப் பழைய ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸையே ஒரு சின்ன வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். என்ன வேடம் தெரியுமா? சிறை அதிகாரி. தன்னைப் பார்த்து உருவாக்கிய ஹீரோ அடைபட்டிருக்கிற சிறைக்கு அவரே காவல்.

ஒரு பாவாடை போதுமாக இருந்திருக்கிறது, பாருங்கள். முழு ஆள்கூடத் தேவைப்படவில்லை.

9 மே

"அப்படியானால் உங்களுக்கு எது பாவாடை?" என்று கேட்டிருக்கிறார் திருமங்கலத்து வாசகி.

கெட்டிக்காரப் பெண். நாளைக்குச் சொல்கிறேன்.

12 மே

நாளைக்கு என்று சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் போய் நிற்க என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, டிவியில் பார்த்தேன்.

பார்க்கும்போது தோன்றியது. மதுரைக்காரர்கள் நடிகர்களை மட்டுமா இப்படிக் கோத்துவிடுகிறோம்? தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிற அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். அங்கே ராத்திரி தங்கல். ஏன் அங்கே தங்குகிறார்? துலுக்க நாச்சியார் வீடு அது என்று ஊர் சொல்கிறது. கோயில்காரர்கள் வேறு காரணம் வைத்திருக்கலாம், ஜனங்களுக்கு இந்தக் காரணம்தான் இனிக்கிறது. சாமிக்கே கிசுகிசு எழுதிய ஊர் இது. ஒரு மாத நாவல் எழுத்தாளரிடம், "அது யார், சொல்லுங்கள்" என்று கேட்காமல் விடுவீர்களா?

13 மே

மேலே எழுதியதை கேலி என்று எடுத்துக்கொண்டு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கேலி இல்லை. எங்கள் அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது துலுக்க நாச்சியாருக்காகக் கண் கலங்குவாள். நான் காதல் கதை எழுதப் பழகியது அங்கேதான்.

19 மே

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். 'தில்லானா மோகனாம்பாள்' சண்முகசுந்தரம் நிஜத்தில் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அது ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே இந்த ஆராய்ச்சி நடந்தது என்று அப்பா சொல்வார். கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதினார், படம் கோபுலு. தவில்காரர், நாகஸ்வரக்காரர் என்று ஊருக்கு ஊர் ஒரு ஆளைக் காட்டி, "இவர்தான் அவர்" என்பார்களாம். 1968இல் படம் வந்ததும் அந்தத் தகராறு தீர்ந்தது. எல்லாருக்கும் சிவாஜிதான் சண்முகசுந்தரம்.

அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். படத்தில் வாசித்தவர்கள் நம் ஊர் சகோதரர்கள், எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி. சிவாஜியின் கன்னம் உப்பும், விரல் ஓடும், கழுத்து நரம்பு புடைக்கும், ஆனால் சத்தம் மதுரையுடையது. கச்சேரியில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா என் தொடையைக் கிள்ளி, "பாரு, நிஜ சண்முகசுந்தரம் ரெண்டு பேரு" என்பார். நான் மோகன் விஷயத்தில் நாலு பேர் என்று கணக்குப் போட்டது இந்தப் பழக்கத்தில்தான் என்று இப்போது புரிகிறது.

19 மே, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. பாவாடை கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

25 மே

சரி. எழுதிவிடுகிறேன். ஆள் இருந்தார்.

1986, 87இல் தெற்குமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஏழே முக்கால் பஸ். பாலம் ஏறும்போது மணி எட்டேகால். அந்தக் கண்டக்டர் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடதுகை விரல் இடுக்குகளில் செருகியிருப்பார். முதல் இடுக்கில் ஒற்றை ரூபாய், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் ஐந்து. இதை எல்லாக் கண்டக்டரும் செய்வார்கள். ஆனால் எல்லாரும் நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழிப்பார்கள், இவர் மாட்டார். தபாலாபீசில் ஸ்டாம்பு ஒட்ட ஈரப்பஞ்சு வைத்திருப்பார்களே, அதில் ஒரு துண்டை வெட்டிச் சின்னத் துணிப்பையில் போட்டுத் தோல்பையின் வாரோடு சேர்த்துத் தைத்திருந்தார். பெருவிரலை அதில் ஒரு அழுத்து, டிக்கெட்டை ஒரு கிழி. பஞ்சு காய்ந்துவிட்டால் எங்கள் ஊர் நிறுத்தத்துக் குழாயில் நனைத்துக்கொள்வார். பஸ் காத்திருக்கும்.

மீதி இல்லையென்றால் டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்பார். மற்ற கண்டக்டர்கள் 40 என்று எழுதி ஒரு வட்டம் போடுவார்கள். இவர் 'நாற்பது காசு' என்று எழுத்திலேயே எழுதுவார். ஓடுகிற பஸ்ஸில், ஒரு கம்பியில் சாய்ந்துகொண்டு, ற்-க்கு மேல் புள்ளி தவறாமல். இறங்கும்போது ஞாபகமாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்.

அவ்வளவுதான். காதல் கீதல் எதுவும் கிடையாது. ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மொத்த வார்த்தை 'பெரியார்'. பஸ் ஸ்டாண்டின் பெயர்.

ஆனால் அந்த ஈரப்பஞ்சு எனக்குள் ஏதோ செய்தது. எச்சில் படாமல் ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கவேண்டும் என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். இவர் வீட்டில் எப்படி இருப்பார், கல்யாணமானால் பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவார் என்று பாலத்து நெரிசலில் நின்றுகொண்டு யோசிப்பேன். நாவல் அங்கே ஆரம்பித்தது.

25 மே, மாலை

தங்கச்சி மகள் கேட்கிறாள்: "அப்ப மோகன்னு யார் கிளப்பிவிட்டது?"

நான்தான்.

26 மே

நேற்று அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியதற்குப் பத்துப் பேர் திட்டியிருக்கிறீர்கள். மீதியும் இதுதான்.

நாவலில் ஊரை மாற்றினேன். மீசையை எடுத்தேன். வயதைக் குறைத்தேன். பஞ்சை மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை. கற்பனை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் கற்பனை ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று அச்சடித்தும் இருந்தார்கள்.

புத்தகம் வந்து ஏழெட்டு மாசம் இருக்கும். கடைக்கு ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சுங்குடி காட்டச் சொன்னார். பையன் ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட, இருபது சேலை பிரித்திருப்பான், ஒன்றையும் எடுக்கவில்லை. எழுந்து நேராகக் கணக்கு மேசைக்கு வந்தார். கையில் என் நாவல். சத்தம் போடவில்லை. இதுதான் சொன்னார்:

"அந்தப் பஞ்சுக்குப் பை தைச்சுக் குடுத்தது நான். இதுல அந்தப் பொண்ணு தைச்சதா போட்டிருக்கே."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டெப்போவில் எல்லாரும் அவர் வீட்டுக்காரரை 'எஸ்டேட்' என்று கூப்பிடுகிறார்களாம். "என்ன எஸ்டேட், இன்னிக்கு டபுள் டூட்டியா?" அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிறாராம். "அந்தப் பொண்ணு யாரு?" என்றும் இந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். பாருங்கள், பதிப்பகம் கேட்ட அந்தஸ்து போய்ச் சேர்ந்த இடத்தை.

நான் உடனே, "ஐயோ அக்கா, அது சினிமா பார்த்து எழுதினது. மோகனை வெச்சு எழுதினேன், அட்டையைப் பாருங்க" என்றேன். பொய் அவ்வளவு வேகமாக வந்தது. அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மோகன் எந்தப் படத்துல கண்டக்டரு?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பிரித்துப்போட்ட சேலைகளில் ஒன்றை எடுத்துப் பணம் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பொய்யைக் காப்பாற்றவேண்டும் என்று, அப்புறம் ஒரு நூலக விழாவில் நானாகவே எழுந்து, "மோகனை மனதில் வைத்துத்தான் எழுதினேன்" என்று சொன்னேன். அது ஒரு பத்திரிகையில் வந்தது. உங்கள் பந்தயத்துக்கு மூலம் அதுதான், திருமங்கலத்து அம்மணி. அன்னா டாட் ஹாரியை ஹார்டின் ஆக்கினார். நான் தெருவில் போகிற ஒரு மனிதரை நட்சத்திரம் ஆக்கினேன், அவர் நிம்மதியாக டிக்கெட் கிழிக்கட்டும் என்று.

27 மே

'பாலம்' என்று எழுதியது என் புத்திக்கெட்டதனம். "பாலம் ஏறி பெரியார் என்றால் வடகரை ஊர். ஏழே முக்காலுக்கு ஏறி எட்டேகாலுக்குப் பாலம் என்றால் அரைமணி நேரத் தூரம்" என்று ஒருவர் கணக்குப் போட்டு நாலு ஊர்ப் பெயர் எழுதிவிட்டார். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நேரத்தையும் நான் மாற்றித்தான் எழுதியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2 ஜூன்

கல்லூரியில் பாடமாகப் படித்தது ஒன்று இன்று ஞாபகம் வந்தது. சார்லட் பிராண்டி 1847இல் 'ஜேன் அயர்' எழுதினார், கரர் பெல் என்ற புனைபெயரில். கதையில் நாயகனின் மனைவிக்குச் சித்தப்பிரமை, வீட்டு மாடியில் பூட்டிவைத்திருக்கிறான். அவன் காதலிப்பது வீட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணை. இரண்டாம் பதிப்பை பிராண்டி, தான் மதித்த எழுத்தாளர் தாக்கரேவுக்குச் சமர்ப்பணம் செய்தார். தாக்கரேயின் மனைவிக்கும் நிஜத்தில் மனநோய் என்பது அவருக்குத் தெரியாது. லண்டனே பேசியது: கரர் பெல் தாக்கரே வீட்டில் வாத்தியாரம்மாவாக இருந்தவராம், இது அவர்கள் கதையாம். பிராண்டி கூனிக்குறுகிப் போனார்.

அவர் மரியாதைக்குச் செய்தது அவதூறாக முடிந்தது. வகுப்பில் அந்த அம்மா இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பிராண்டி தெரியாமல் செய்தார். நான் பஞ்சைத் தினமும் பார்த்துவிட்டு எழுதினேன்.

இதற்கு நேர்மாறாக ஒரு அம்மாளும் உண்டு. கரோலின் லாம்ப், கவிஞர் பைரனோடு பழகிப் பிரிந்து, 1816இல் அவனை வில்லன் மாதிரி ஆக்கி ஒரு நாவலே போட்டார். ஊர் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்றே எழுதியது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, அந்த மாதிரி ஒருவனும் கிடைக்கவில்லை.

11 ஜூன்

திருமங்கலத்து வாசகி: "என்னிடம் உள்ள பிரதியில் பையைத் தைத்துக் கொடுப்பது அவனுடைய அக்கா. அம்மாவின் பழைய பிரதியில் காதலி. ஏன்?"

உங்களிடம் இருப்பது மறுபதிப்பு. அதில் மாற்றினேன். பெண்டாட்டி என்று போடமுடியாது, அவன்தான் கடைசியில் கல்யாணம் செய்யவேண்டியவன் ஆயிற்றே. அக்கா என்று போட்டு மனசைத் தேற்றிக்கொண்டேன். பஞ்சையே எடுத்துவிடலாம் என்று ஒரு முழுநாள் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. அதை எடுத்தால் மிச்சமிருப்பது அட்டையிலிருக்கிற ஆள்தான்.

15 ஜூன்

இன்னொன்று. இத்தனை பேர் எழுதுகிறீர்கள்: ரஜினி, மோகன், அரவிந்த்சாமி, கார்த்திக். மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தராவது விஜயகாந்த் என்று சொன்னீர்களா? நம் ஊர் ஆள். திருமங்கலத்தில் பிறந்தவர், திருமங்கலத்து வாசகியே. அரிசி ஆலையில் அவரைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் அவர் போனபோது எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. அழுவதற்கு அவர், காதல் கதைக்கு மட்டும் வேறு ஆள்!

நானும் யோக்கியம் இல்லை. முப்பத்தோரு நாவல் எழுதியிருக்கிறேன், ஒரு ஹீரோவுக்கும் அவர் நிறம் கொடுக்கவில்லை. கொடுத்த ஒருவனுக்கும் பல் கட்டிவிட்டார்கள். அந்தக் கண்டக்டரும் நல்ல கறுப்பு. நாவலில் 'மாநிறம்' என்று நானேதான் எழுதினேன், பதிப்பகம் கேட்கும் முன்னாலேயே.

16 ஜூன்

முப்பத்தோரு நாவல் இல்லை, இருபத்தொன்பது. இரண்டு தலைப்பு மாற்றி வந்தவை.

3 ஆகஸ்ட்

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். இன்று காலை திருமங்கலத்து வாசகி அம்மாவின் சார்பாக எழுதியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்: "அம்மா பிறந்தது ஆற்றுக்கு வடக்கே. சின்ன வயதில் அவர் போன பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பஞ்சு வைத்திருந்தாராம். ரஜினி என்று சொன்னது சும்மா, என் வாயைக் கிண்டத்தானாம். ஒன்றே ஒன்று கேட்கச் சொல்கிறார். உங்கள் ஆள் விசில் ஊதுவாரா, தகரத்தைத் தட்டுவாரா? அம்மா சொல்கிற ஆளுக்கு முன்பல் இரண்டு கிடையாது, விசில் ஊத வராது. பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் டிரைவர் எடுப்பாராம்."

3 ஆகஸ்ட், இரவு

நாவலில் விசில். முதல் அத்தியாயமே விசில் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும்.

நிஜத்தில்? பகல் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். விரல் இடுக்கில் நோட்டுத் தெரிகிறது, பஞ்சு தெரிகிறது, 'நாற்பது காசு' தெரிகிறது. வாய் தெரியவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. காதில் விசில் கேட்கிறது, ஆனால் அது பஸ்ஸில் கேட்டதா, எழுதும்போது நானே ஊதிக்கொண்டதா என்று பிரிக்கமுடியவில்லை. முப்பத்தாறு வருஷமாக வாசகர்கள் அந்த விசிலைப் பற்றியே கடிதம் போட்டிருக்கிறார்கள். எனக்கும் அதுவே நிஜம் ஆகிவிட்டது போலிருக்கிறது.

4 ஆகஸ்ட்

முதல் கையெழுத்துப் படி ஒன்று பரணில் இருக்கிறது, அரிசி சாக்கில் கட்டி. அதில் அடித்துத் திருத்தியிருந்தால் தெரிந்துவிடும். எனக்கு ஏணி ஏறமுடியாது, வீட்டுக்காரரை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. பையன் தீபாவளிக்குத்தான் வருவான். அதுவரை சேலையை வாங்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.